‘தெரியாது’ என்று எழுதப் பழகுவோம்

(எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற சிறுதொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கைப் பெரிதும் மாற்றாமல் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



“அண்ணை, சின்னக் கம்பனிகளுக்கு அரசாங்கம் ஆராய்ச்சிக் காசு குடுக்குதாம். நீங்கள் எடுத்தனீங்கள்தானே. அதைப்பற்றி அரை மணித்தியாலம் கதையுங்கோ” என்று செயலாளர் தம்பி கேட்டார். முதலில் மறுத்தேன். நான் ஆராய்ச்சியாளன் அல்ல. ஸ்காபரோவில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் இடியப்பம் அவித்து, உறைய வைத்து, பெட்டியில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். “இடியப்பத்தில என்ன ஆராய்ச்சி?” என்று முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கோ. நானும் ஐந்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பினால் எனக்கு வந்த நட்டத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

படிவம் படிப்பித்த பாடம்

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1991 இல். வந்து நிரப்பிய முதல் பெரிய படிவம் அகதிக் கோரிக்கைக்கான தனிநபர் விபரப் படிவம். 2012 இன் முடிவில்தான் அதற்குப் பதிலாக வேறு படிவம் வந்தது. ஆகவே இங்கே இருக்கிற பலருக்கு அது நினைவிருக்கும். எந்த மாதம் எந்தச் சோதனைச் சாவடி, எத்தனை நாள் எந்த முகாம், யார் வந்து பிடித்தது, யார் விட்டது. எனது லோயர் சொன்ன புத்தி இரண்டே வசனம்: “நிச்சயமில்லாததை எழுதாதையும். எழுதினதைப் பிறகு மாத்தாதையும்.” தம்பியைப் பிடித்துக்கொண்டு போன திகதியை ஒரு மாணவன் வாய்ப்பாடு படிப்பது போல விடிய விடியப் பாடமாக்கினேன். விசாரணையில் ஒரு திகதி தடுமாறினால் முழுக் கதையுமே பொய்யாகிவிடும் என்ற பயம்.

கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் அந்தப் பயம் கையை விட்டுப் போகவில்லை. அரசாங்கப் படிவம் என்றால் அதில் சந்தேகம் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று மனதில் பதிந்துவிட்டது. வங்கிக் கடன், வாடகை ஒப்பந்தம், உணவு அனுமதி எல்லாவற்றையும் அப்படித்தான் நிரப்பினேன். அங்கெல்லாம் அது சரியாகவும் இருந்தது.

2005 இல் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். பகலில் நான் விநியோகம். இரவில் மனைவியும் நானும் ஒரு வேலையாளும் அவிப்பு. அவிக்கும்போது பஞ்சு போல இருக்கும். உறைய வைத்து, ஒரு கிழமை கழித்து எடுத்துச் சூடாக்கினால் உதிர்ந்து மாவாகும், அல்லது விறைத்துக் கம்பியாகும். கடைக்காரர் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். மாவை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், அவிக்கிற நேரத்தை மாற்றினோம். வீட்டின் மேல் இரண்டாவது ஈடு வைத்தேன். தாலிக்கொடியைத் தவிர மனைவியின் நகை எல்லாம் அடகுக்குப் போனது.

2009 இளவேனிலில் ஒரு நண்பர் ஓர் அரசாங்க உதவித் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். பத்து இரவு இருந்து விண்ணப்பம் எழுதினேன். எங்கள் இடியப்பம் மிகச் சிறந்தது, தலைமுறை தலைமுறையாக வந்த பக்குவம், இந்த முயற்சி வெற்றி பெறும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை, எல்லாப் பிரச்சினைக்கும் எங்களிடம் விடை இருக்கிறது என்று எழுதினேன். பிள்ளை அதை நல்ல ஆங்கிலத்தில் ரைப் பண்ணித் தந்தாள்.

இரண்டு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதன் சாராம்சம் இதுதான்: விடை ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே ஆராய்வதற்கு எதுவுமில்லை.

ஐயமில்லை என்று எழுதியதால்தான் தோற்றேன். அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது.

எது ஆராய்ச்சி?

அந்த வருடம் மாரி தொடங்க முன்னர் ஒரு புதிய கணக்காளரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்குத் தெரியாதது என்ன?” எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. ஆராய்ச்சிப் பணம் கெட்டிக்காரனுக்குக் கொடுக்கிற பரிசு அல்ல. விடை தெரியாத ஒரு கேள்வியை ஒழுங்கான முறையில் தேடுகிறவனுடைய செலவில் அரசாங்கம் ஒரு பங்கை ஏற்பது.

ஆனால் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதாது. அந்தத் துறை படித்த ஒருவர் வழமையான முறைப்படி சொல்லிவிடக்கூடிய விடை என்றால் அது ஆராய்ச்சி அல்ல. 1998 இல் ஒரு நீரியல் பொறியியல் நிறுவனத்தின் வழக்கில் கனடிய வரி நீதிமன்றம் ஐந்து கேள்விகளை வைத்தது. வழமையான முறையால் தீர்க்க முடியாத தொழில்நுட்ப ஐயம் இருந்ததா? அதைத் தீர்க்க ஓர் ஊகம் வகுக்கப்பட்டதா? அந்த ஊகம் முறைப்படி சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டதா? அதனால் தொழில்நுட்ப அறிவு முன்னேறியதா? வேலை நடக்க நடக்க எல்லாம் எழுதி வைக்கப்பட்டதா? இந்தக் கேள்விகள்தான் பின்னர் இத்துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அளவுகோலாகின.

இதை எனது இடியப்பத்தில் வைத்துப் பாருங்கள். அவிக்கும்போது அரிசிமாவின் மாச்சத்து நீரை உறிஞ்சி வீங்கி இளகுகிறது. ஆறியதும் அது மெல்ல மெல்லத் திரும்ப இறுகி, பிடித்த நீரை வெளியே விடுகிறது. நேற்றைய சோறு விறைப்பது இதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே, 4 பாகை போன்ற குளிரில் இந்த இறுகல் வேகமாக நடக்கும். ஆழமாக உறைந்துவிட்டால் மிகவும் மெதுவாகிவிடும். மெதுவாக உறைய வைத்தால் பனித்துகளும் பெரிதாக வளர்ந்து இழையைக் கிழிக்கும். ஆகவே கெதியாக உறைய வைப்பது நல்லது. இவ்வளவும் உணவு விஞ்ஞானம் படித்தவருக்குத் தெரிந்த விடயம். இதைக் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் ஒரு சதமும் கிடையாது.

எங்களுடைய பிரச்சினை அதற்கு அடுத்தது. தவிட்டோடு அரைத்த சிவப்பரிசி மாவில் பிழிந்த மெல்லிய இழை, விசிறிக் காற்றில் கெதியாக உறைந்தபோது வெடித்தது. மெதுவாக உறைந்தபோது உதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா? மாவை வறுக்கும் அளவு அதை மாற்றுமா? துறை தெரிந்த இருவரிடம் கேட்டோம். இருவருமே “செய்து பார்த்தால்தான் தெரியும்” என்றார்கள். அந்த இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

எது சேராது என்பதையும் சொல்லவேண்டும். எந்தக் கடையில் எவ்வளவு விற்கும் என்று பார்ப்பது சேராது. பெட்டியின் நிறத்தை மாற்றுவது சேராது. நாளாந்தத் தரச் சோதனை சேராது. விற்பதற்காக அவித்த இடியப்பம் சேராது. இவற்றை உள்ளே நுழைத்தால் நல்ல பகுதியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இரண்டு கதவுகள்

கனடாவில் எங்களைப் போன்ற சிறிய கம்பனிகளுக்கு முக்கியமான கதவுகள் இரண்டு. ஒன்று இனிச் செய்யப்போகிற வேலைக்கு. மற்றது செய்து முடித்த வேலைக்கு.

முதலாவது தேசிய ஆராய்ச்சிச் சபையின் கைத்தொழில் ஆராய்ச்சி உதவித் திட்டம். ஐராப் என்று சொல்வார்கள். 1962 இலிருந்து நடக்கிறது. இலாப நோக்கில் பதிவு செய்த, 500 பேருக்கு மேற்படாத வேலையாட்கள் உள்ள கனடியக் கம்பனிகளுக்கானது. உங்கள் பெயரில் தனியாள் வியாபாரமாக நடத்தினால் முதலில் கம்பனியாகப் பதிய வேண்டும். இங்கே எடுத்த எடுப்பில் விண்ணப்பத்தை அனுப்புவதில்லை. ரெலிபோனில் அழைத்தால் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரோடு தொடர்பு கிடைக்கும். அவர் உங்கள் இடத்தைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். பொருத்தம் என்று கண்டால்தான் திட்டத்தை எழுதித் தரும்படி கேட்பார். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். ஆனால் முழுச் செலவையும் தராது. பெரும்பாலும் அந்த வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கு. அதையும் முதலில் நீங்கள் கொடுத்துவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தாக முன்னர் செய்த செலவு ஒன்றும் சேராது. “காசு வரும்தானே” என்று முந்திக்கொண்டு ஆளை வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வரி மூலமாக வருவது. விஞ்ஞான ஆராய்ச்சி, பரிசோதனை அபிவிருத்திக்கான வரிச் சலுகை. சுருக்கமாக ஷ்ரெட் என்பார்கள். பெயர் வரிச் சலுகை என்றாலும், கனடியர் கட்டுப்பாட்டில் உள்ள தனியார் கம்பனிக்கு, வரி கட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும், தகுதியான செலவில் 35 வீதம் காசாகவே திரும்பி வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். குடும்பத்தவர் அல்லாத ஒருவருக்கு முழுக்க முழுக்க இந்த ஆராய்ச்சிக்காக ஒரு வருடம் 40,000 டொலர் சம்பளம் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். மின்சாரம், அலுவலகச் செலவு என்று தனித்தனியே கணக்குக் காட்டாமல், சம்பளத்தில் 55 வீதத்தை மேற்செலவாகச் சேர்க்கும் ஒரு முறை இருக்கிறது. அது 22,000. மொத்தம் 62,000. அதில் 35 வீதம் 21,700 டொலர். ஒன்ராறியோ மாகாணமும் தனியாக ஒரு சலுகை தருகிறது. மாகாணப் பணமும் ஐராப் பணமும் கிடைத்தால், 35 வீதம் கணக்கிட முன்னர் அவற்றைக் கழிக்க வேண்டும். ஒரே செலவுக்கு இரண்டு பேரிடம் முழுதாக வாங்க முடியாது.

அந்தப் படிவத்தில் வேலையைப் பற்றிக் கேட்பது மூன்றே கேள்வி. எந்த ஐயத்தைத் தீர்க்க முயன்றீர்கள்? அதற்காக என்ன செய்தீர்கள்? என்ன முன்னேற்றம் கண்டீர்கள், அல்லது காண முயன்றீர்கள்? முதலாவதுக்கு 350 சொல், இரண்டாவதுக்கு 700, மூன்றாவதுக்கு 350. அதற்கு மேல் எழுத இடமில்லை. கடைசிக் கேள்வியில் அந்த ‘முயன்றீர்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கோ. தோற்ற முயற்சிக்கும் அங்கே இடமிருக்கிறது.

கொப்பியும் சம்பளமும்

இனி நான் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

கணக்காளர் “என்ன பதிவு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றேன். தோற்ற மாவைக் கொட்டிவிடுவோம். அதை எழுதி வைத்து ஆருக்குக் காட்டுவது? பக்கத்தில் இருந்த மனைவி, “என்னட்டை கொப்பி இருக்கு” என்றார். மூன்று அப்பியாசக் கொப்பிகள். 2006 தொடக்கம் ஒவ்வோர் இரவும் எந்த மா, எத்தனை சுண்டு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிட அவிப்பு, பிறீசரில் எந்தத் தட்டு என்று தமிழில் எழுதியிருந்தார். பல பக்கங்களின் கீழே ஒரே சொல்: “சரிவரேல்லை.” எங்கள் வீட்டில் ஆராய்ச்சி செய்தது யார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கணக்காளர் கொப்பியைப் புரட்டினார். திகதியும் எண்களும் அவருக்கும் விளங்கின. “இதைவிட நல்ல பதிவு கிடையாது” என்றார். பிறகு கேட்டார்: “இவருக்கு எவ்வளவு சம்பளம்?”

சம்பளமா? வீட்டு ஆளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?

கொடுக்காத சம்பளத்துக்குக் கணக்கில் இடமில்லை. அவர் நின்று அவித்த அத்தனை இரவுக்கும் சட்டப்படி மதிப்பு பூச்சியம். அதோடு, இந்தக் கோரிக்கையைக் கம்பனியின் வரி ஆண்டு முடிந்து 18 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தவணை கிடையாது. நாங்கள் போன நேரம் 2006, 2007 இரண்டு வருடமும் காலம் கடந்து போய்விட்டன. மிஞ்சியது 2008 இல் வேலையாள் பரிசோதனைக்குச் செலவழித்த நேரம் மட்டும். அந்தக் கொப்பிகளை ஆதாரமாக மொழிபெயர்த்துத்தான் கோரிக்கை எழுதினோம். ஏறக்குறைய 11,000 டொலர் வந்தது. முதல் வேலையாக மனைவியின் காப்பை மீட்டேன். காப்பை வாங்கிக்கொண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தேன். இந்த நாட்டில் அத்தனை வருடம் வேலை செய்த பிறகு அவருடைய பெயருக்கு முதலாவது சம்பளச் சான்று வந்தது. ஓய்வூதியத் திட்டத்துக்கும் அவர் பெயரில் பணம் கட்டத் தொடங்கினோம்.

எங்கள் சனத்தின் சிறுதொழில் எல்லாம் சம்பளமில்லாத உழைப்பில்தான் நிற்கிறது. மனைவி, மாமி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையள். அதைப் பெருமையாகவும் சொல்கிறோம். ஆனால் கணக்கில் இல்லாத உழைப்பை அரசாங்கமும் காணாது, நாளைக்கு ஓய்வூதியமும் காணாது. குடும்பத்தவருடைய சம்பளத்துக்கு இந்தத் திட்டத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கணக்காளரிடம் கேட்டுச் செய்யுங்கோ. ஆனால் செய்யுங்கோ.

கவனிக்க வேண்டியவை

குடியுரிமை இல்லாவிட்டால் கிடைக்காது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பிழை. அந்த 35 வீதத்துக்குப் பார்ப்பது கம்பனி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை. கட்டுப்பாடு வெளிநாட்டில் வசிப்பவர்களிடம் இருக்கக் கூடாது. இங்கே வசிப்பதுதான் முக்கியம், கடவுச்சீட்டின் நிறம் அல்ல. இதிலே எங்கள் குடும்பங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. லண்டனில் இருக்கிற அண்ணர் முதல் போட்டார் என்று நன்றிக்கடனுக்காக 51 வீதப் பங்கை அவர் பெயரில் எழுதினால், அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். அண்ணரிடம் கடனாக வாங்குகிறதா, பங்காக வாங்குகிறதா என்று கம்பனி தொடங்க முன்னரே ஆலோசனை எடுங்கோ.

அடுத்தது, எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்கள். எல்லோரும் கூடாதவர்கள் அல்ல. ஆனால் என்னிடம் ஒருவர் வந்து கிடைக்கிற பணத்தில் 30 வீதம் கேட்டார். எனது தொழிற்கூடத்தை ஒருக்காலும் பார்க்கவில்லை. “அதெல்லாம் எழுதலாம் அண்ணை” என்றார். ஷ்ரெட் படிவத்திலேயே யார் தயாரித்துக் கொடுத்தது, என்ன கட்டணம் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் 1,000 டொலர் தண்டம். அதைவிட முக்கியம், கையெழுத்து வைப்பது நீங்கள். அதிகாரி வந்து கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். அடுப்படியில் நடக்காததைப் படிவத்தில் நடத்தாதீர்கள். நாங்கள் ஒருவர் செய்கிற பொய், பின்னால் வருகிற பத்துத் தமிழருடைய உண்மையையும் சந்தேகத்துக்குள் தள்ளும்.

கடைசியாகச் சிவப்பரிசி இடியப்பத்தின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 2011 இல் ஐராப் உதவி கிடைத்தது. உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒரு பிள்ளையை எட்டு மாதம் வேலைக்கு வைத்தோம். அவளும் மனைவியும் சேர்ந்து, ஒருத்தி ஆங்கிலத்திலும் ஒருத்தி தமிழிலும் எழுதி எழுதிச் செய்தார்கள். வெள்ளையரிசியில் வழி கண்டோம். அதைத்தான் நீங்கள் இன்று கடையில் வாங்குகிறீர்கள். தனிச் சிவப்பரிசியில் இன்றுவரை சரிவரேல்லை. இறுதி அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது பழைய பயம் திரும்ப வந்தது. “வெற்றி” என்று எழுதிவிடுவோமா என்று கை உன்னியது. மனைவிதான், “நடந்ததை எழுதுங்கோ” என்றார். எந்த அளவில் வெடித்தது, எந்த அளவில் உதிர்ந்தது, ஏன் என்று நினைக்கிறோம், எது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று எழுதினோம். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

1992 இல் விசாரணை அறையில் இருந்த அந்தப் பெடியனுக்கு “தெரியாது” என்ற சொல் உயிர்ப் பயம். அவன் பயந்ததில் பிழையில்லை. ஆனால் அந்தப் பயத்தை எல்லா மேசைக்கும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை என்று விளங்க எனக்குப் பதினேழு வருடமும் ஒரு மறுப்புக் கடிதமும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு காலம் எடுக்க வேண்டாம்.

வருடம் பிறக்கப் போகிறது. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கைவிசேடம் கொடுப்பீர்கள். இந்த முறை தொழில் செய்கிற வீட்டில் அதோடு ஒரு கொப்பியும் வாங்கி வையுங்கோ. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, திகதியைப் போட்டு, உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரியாத ஒரு விடயத்தை எழுதுங்கோ. அதைத் தேட இன்று என்ன செய்தீர்கள், யார் எத்தனை மணித்தியாலம் நின்றார்கள் என்று கீழே எழுதுங்கோ. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

கொப்பி எழுதியவர் இன்று சபையில் இல்லை. தொழிற்கூடத்தில் நிற்கிறார், இந்தமுறை சம்பளத்தோடு. அவருடைய சார்பிலும் உங்கள் எல்லோருக்கும் எனது புத்தாண்டு வாழ்த்துக்கள்.